ஏழாவது பிரிவும் ப்ரொஃபீரா பெரியம்மாவின் ஜெராக்ஸும்

முகம் அச்சாகியிருக்கும் எந்தக் காகிதத்தையும் லவீனியா ஹொதொரோக் மேசைமேல் கவிழ்த்துத்தான் வைப்பார். பதினான்கு வயதில் என் முதல் அடையாள அட்டையை வாங்க, மக்கள் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் நின்றபோது இதை முதலில் பார்த்தேன். அந்த ஜன்னலுக்குப் பின்னால் அலுவலராக உட்கார்ந்திருந்த அவர், அட்டையைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். எனக்குப் பின்னால் நின்றவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பத்து வருடம் கழித்து அவரிடமே வேலைக்குச் சேர்ந்தபோதும் அப்படித்தான். மனுவோடு வரும் நகல், கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாளின் இரங்கல் பக்கம் எல்லாம் கவிழ்ந்தே கிடக்கும். தேர்தலில் மிச்சமான அவருடைய சொந்தச் சுவரொட்டிகள்கூட மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. “என் மூஞ்சிய நானே எத்தன வாட்டி பாக்குறது” என்பார்.

அவர் நாடாளுமன்றத்துக்குப் போனது ஒரு கணக்குப் பிழையில். எங்கள் நாட்டில் ஓட்டு கட்சிக்குத்தான், கிடைக்கும் இடங்களுக்குக் கட்சிப் பட்டியலின் மேலிருந்து வரிசையாக ஆள் போவார்கள். அந்தப் பட்டியலில் நாலாவது இடத்துக்கு ஒரு பெண்ணின் பெயர் வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் மூன்று இடத்துக்கு மேல் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். நாலு வந்தது. முடிவு தெரிந்த காலையில் அவர் பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாராம். கணவர் வாசலில் வந்து நின்றார்.

“லவீனியா, உன்ன ஜெயிக்க வெச்சுட்டாங்க.”

“யாரு?”

“தெரியல. ஜனங்கதான் போல.”

“சரி, இந்த உப்பக் கரைச்சுட்டு வர்றேன்.”

தலைநகர் புக்கரெஸ்டில் நாடாளுமன்றக் குழுக்களைப் பிரித்தபோது விவசாயம், பாதுகாப்பு, வெளியுறவு எல்லாவற்றையும் பெரிய ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். தகவல் தொழில்நுட்பக் குழுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. “நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேல பாத்தவங்கதானே?” என்று கேட்டார்களாம். இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன் என்று இவர் சொல்ல, அதோடு முடிந்தது விஷயம்.

வாரத்தில் நாலு நாள் அவருக்குப் புக்கரெஸ்ட். வெள்ளிக்கிழமை ஊரில் மனு வாங்கும் நாள். எங்கள் அலுவலகம் ரொட்டிக் கடைக்கு மேலே இருந்தது. காலையில் படியேறும்போதே சீஸ் வைத்த ரொட்டியின் வாசனை மூக்கில் ஏறும். ஒன்பது மணிக்குள் வராந்தாவில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். லிண்டன் பூ போட்ட தேநீரை ஒரு பெரிய கெட்டிலில் வைத்துவிடுவோம், அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வெள்ளிக்கிழமைகளைப்போல ஒரு நாள் எனக்கு அதன் பிறகு வாய்க்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது.

மனு கொடுப்பவர்கள் எல்லோரும் அடையாள அட்டையின் ஜெராக்ஸையும் கூடவே வைப்பார்கள். நாங்கள் கேட்டதே இல்லை. எங்கள் ஊரில் ஓர் அலுவலகத்துக்குள் வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை. பாலம் உடைந்தது என்று சொல்ல வந்தவரும் நகல் வைப்பார், பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது என்று சொல்ல வந்தவரும் வைப்பார். நான் ஒவ்வொரு நகலின் ஓரத்திலும் நீலப் பென்சிலால் எண்ணும் விஷயமும் எழுதி அலமாரியில் அடுக்குவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இரண்டாம் வருடம் அக்டோபரில் ப்ரொஃபீரா பேஜான் வந்தார். எழுபத்தொரு வயது. கணவர் இறந்து ஏழு வருடம். குளிர்காலத்தில் விறகுக்கு அரசு தரும் உதவியை அந்த வருடம் நிறுத்திவிட்டார்கள்.

“ஏன் பெரியம்மா நிறுத்தினாங்க?” என்று லவீனியா கேட்டார்.

“நான் முதலாளியாம்.”

“என்ன முதலாளி?”

“பன்னெண்டு லாரி ஓடுதாம் எனக்கு! கான்ஸ்டான்ட்சா துறைமுகத்துக்கு. அந்த ஆபீஸ்காரன் கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பிக் காட்டுறான். கம்பெனி என் பேர்ல, நம்பர் என் நம்பர். ஏண்டா, பன்னெண்டுல ஒண்ணாவது என் வாசல்ல வந்து நின்னு ஒரு கட்டு விறகு இறக்கிட்டுப் போகக் கூடாதான்னு கேட்டேன்.”

வராந்தாவில் சிரிப்பு கேட்டது. ப்ரொஃபீராவும் சிரித்தார். பிறகு தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“போன வாரத்துலேருந்து சமையக்கட்டுலதான் படுக்குறேன். ஒரு அடுப்புக்குத்தான் விறகு இருக்கு. அதுவும் கிறிஸ்துமஸ் வரைக்கும் வராது.”

யாரோ அவருடைய அட்டை நகலை வைத்து நிறுவனம் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது லவீனியாவுக்கு உடனே புரிந்தது. மக்கள் பதிவில் இருந்தவர் அல்லவா.

“பெரியம்மா, வழக்கு போடுவோம், உதவி திரும்ப வரும். கொஞ்சம் நாளாகும். இன்னொண்ணு சொல்றேன். அந்த ஜெராக்ஸ் எவன் கையிலேருந்து போச்சுன்னு நான் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சு உங்க வீட்டுக்கே வந்து பேரச் சொல்றேன்.”

“விறகக் கூட விடு மகளே. அந்தப் பேரச் சொல்லு. தெருவுல பாக்குற ஒவ்வொருத்தனையும் இவனா இருக்குமோ, அவனா இருக்குமோன்னு பாத்துக்கிட்டே நடக்க முடியல.”

அந்த மாதமே லவீனியா மசோதாவை எழுத உட்கார்ந்தார். அதில் ஏழாவது பிரிவுதான் உயிர். அடையாள அட்டையைப் பார்க்கலாம், சரிபார்க்கலாம், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நகல் கேட்கவும் கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. வங்கிகள், தொலைபேசிக் கடைகள், உடற்பயிற்சிக் கூடங்கள், அரசு அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி.

குழுவில் அதைத் தின்றுவிடப் பார்த்தார்கள். வங்கிகளின் சார்பில் ஒருவர், அமைச்சகத்திலிருந்து இரண்டு பேர், நாற்பது பக்கத்தில் ஆட்சேபம். “நகல் இல்லாம ஆள எப்படி நம்புறது?” என்பதுதான் நாற்பது பக்கத்தின் சாரமும். சக உறுப்பினர்கள் இவருக்கு ஜெராக்ஸ் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் ஒரு நாள், “மேடம், ஜன்னல மூடிட்டு வந்தும் ஜன்னல் புத்தி போகலயே?” என்றார்.

“போகல சார். நீங்க இந்த வருஷம் எத்தன எடத்துல உங்க அட்டைய ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தீங்கன்னு எண்ணுங்க. நானும் ஜன்னல்ல உக்காந்த மாதிரியே காத்திருக்கேன்.”

அவர் விளையாட்டாக விரலை மடக்கத் தொடங்கினார். வங்கி, கார் காப்பீடு, மகளின் பள்ளி, விடுதி, பல் மருத்துவர். இரண்டு கையும் முடிந்து மறுபடி முதல் கைக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பதினேழில் நிறுத்தினார்.

“அதெல்லாம் இப்ப எங்க இருக்கு சார்?”

“எனக்கென்ன தெரியும்?”

“குறிப்புல எழுதிக்கோங்க” என்றார் லவீனியா, சுருக்கெழுத்தரைப் பார்த்து. ஏழாவது பிரிவு அன்று ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிழைத்தது.

நாடாளுமன்றத்தின் முழு அவையில் வாக்கெடுப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ப்ரொஃபீராவின் வழக்குக்காக நாங்கள் கேட்டிருந்த லாரி நிறுவனத்தின் பதிவுக் கோப்பு தபாலில் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. கடைசி ஆளும் போயிருந்தார். நான்தான் உறையைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் ப்ரொஃபீராவின் அட்டை நகல். அதன் வலது ஓரத்தில், நகலின் நகலாக வெளிறிப்போய், ஓர் எண்ணும் ஒரு சொல்லும் இருந்தன. 214, கிணறு.

என் கையெழுத்து. முந்தைய வருடம் தெருக்கிணறு தூர்ந்துவிட்டது என்று ப்ரொஃபீரா ஒரு மனு கொடுத்திருந்தார். அந்த நகல் எங்கள் அலமாரியில் இருந்தது.

லவீனியா அதை வெகு நேரம் பார்த்தார். அந்தக் காகிதத்தை மட்டும் அவர் கவிழ்க்கவில்லை.

“மார்ச்சுல கட்சியிலேருந்து வந்தாங்களே,” என்றார். “மேயர் தேர்தலுக்குக் கையெழுத்துப் பட்டியல் போடணும், விலாசம் சரிபார்க்கணும்னு. நகலையெல்லாம் எடுத்துட்டுப் போயி ரெண்டு நாள்ல தந்துடுறோம்னாங்க. அலமாரிச் சாவிய நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“திரும்பி வந்துடுச்சே மேடம். நான் எண்ணிப் பாத்தேனே.”

“எண்ணுனா போதுமா மீருனா? ஜெராக்ஸ் எடுத்தா எண்ணிக்க கொறையுமா?”

நம்மிடம் இருந்தால் பத்திரம் என்று நாங்கள் இருவருமே நம்பியிருந்தோம். ஏழாவது பிரிவை எழுதிய நாட்களில்கூட, எழுந்து அந்த அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது ஏன் என்று இன்றும் யோசிக்கிறேன். மற்றவர்கள் வைத்திருந்தால்தான் அது நகல், நாங்கள் வைத்திருந்தது மனு என்று நினைத்தோமோ என்னவோ.

“பெரியம்மாகிட்ட நாளைக்கே போலாமா?” என்று கேட்டேன்.

“போனா திங்கக்கிழமை ஊருக்கே தெரியும். செவ்வாக்கிழமை புக்கரெஸ்டுக்குத் தெரியும். ஏழாவது பிரிவு அதோட செத்துது.” சாவியை மேசைமேல் வைத்தார். “வாக்கெடுப்பு முடியட்டும். முடிஞ்ச மறுநாள் போறேன்.”

அடுத்த வாரம் முழுவதும் அலமாரியைக் காலி செய்தோம். நாலாயிரத்துச் சொச்சம் நகல்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கையிலும் தொலைவில் இருந்தவர்களுக்குத் தபாலிலும் திருப்பி அனுப்பினோம். “ஏன் மேடம், என் மனு தள்ளுபடியா?” என்று கேட்டு அழுதவர்களும் உண்டு. மசோதா நிறைவேறியது. ஏழாவது பிரிவு ஒரு காற்புள்ளிகூட மாறாமல் இருந்தது. கட்சிக்காரர்கள் மேல் லவீனியா எழுத்தில் புகார் கொடுத்தார். எந்தக் கை அந்த நகலை எடுத்தது என்று விசாரணையில் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எந்த அலமாரி என்பதுதான்.

மார்ச்சில் நீதிமன்றம் ப்ரொஃபீராவை லாரிகளிடமிருந்து விடுவித்தது. அந்தக் குளிர்காலத்தை அவர் சமையலறையிலேயே கழித்திருந்தார். ஈஸ்டர் முடிந்து லவீனியா அவர் வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். ப்ரொஃபீரா அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தார். சிவப்பு முட்டை, இனிப்பு ரொட்டி, பிளம் சாராயம். “எனக்காகச் சட்டமே போட்டவ இவதான்” என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். லவீனியா இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் யாரோ கிளாஸை நிரப்பினார்கள். திரும்பும்போது காரில், “அடுத்த தடவ தனியா வர்றேன்” என்றார். இலையுதிர் காலத்தில் தனியாகவும் போனார். ஒரு பை வால்நட்டோடு திரும்பி வந்தார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அடுத்த தேர்தலில் பட்டியலில் அவருக்கு இடம் தரவில்லை. புகார் கொடுத்ததால்தான் என்று கட்சியில் எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “முட்டைக்கோஸ் சீசன் தப்பாம ஊருக்கு வந்துட்டேன்” என்றார். இரண்டு வருடம் கழித்து ஒரு பிப்ரவரியில், தபால் நிலையப் படியில் அவருடைய இதயம் நின்றுபோனது. இப்போது தபால் நிலையத்தில் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். யாரால் என்று யாருக்கும் நினைவில்லை.

நாற்பதாம் நாள் வழிபாட்டுக்கு ப்ரொஃபீரா வேகவைத்த கோதுமையில் வால்நட் போட்டுப் பெரிய தாம்பாளத்தில் கொண்டுவந்தார். இறந்தவர்களின் பெயர்ச் சீட்டில் தன் கணவருக்கு அடுத்து லவீனியாவின் பெயரை எழுதியிருந்தார். கோயிலில் என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார்.

“அந்த ஜெராக்ஸ் எங்கேருந்து போச்சுன்னு அவ கண்டுபிடிச்சாளா மீருனா? வந்து சொல்றேன்னா. அவ மறக்குற ஆள் இல்ல.”

“கண்டுபிடிச்சாங்க பெரியம்மா.”

“எங்கேருந்தாம்?”

பாதிரியார் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ப்ரொஃபீரா சிலுவைக்குறி போட முன்னால் திரும்பிவிட்டார். வழிபாடு முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் அவர் இன்னமும் எதிரே வரும் ஒவ்வொருவரையும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் கடந்துபோகிறார்.