முற்றிலும் உடன்படுகிறேன்

வகுப்பில் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கால் சூம்பியதால் ஊன்றுகோலோடு நடப்பவள். வயதில் எல்லோருக்கும் மூத்தவள் அவள்தான். இருந்தும் வகுப்பு மொத்தமும் அவளுக்கு அண்ணன், அக்கா ஆகிவிட்டது. ஊன்றுகோலைக் கண்டால் வயது இறங்கிவிடும் போலிருக்கிறது! பை தூக்கவென்றே ஒருவன் இருந்தான், பை அண்ணன். கேட்காமலே பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போய்விடுவான். தண்ணீர் பாட்டில் அந்தப் பைக்குள் இருக்கும். இவள் தொண்டை காய மாடிப்படி ஏறுவாள்.

இறுதியாண்டில் இருவர் இருவராக வீடு வீடாகப் போய் ஆய்வு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஜோடிப் பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் ஒரு வருஷம் அம்போதான். அவளும் வெட்கத்தை விட்டு ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை, மழுப்பினார்கள். பை அண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? நீ நல்லா இருந்தா அதுவே எங்களுக்குப் போதும்" என்றான். அன்றைக்கே வேறொருவனோடு பெயர் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் பேராசிரியை அவளைக் கூப்பிட்டார். உடல் குறையுள்ள சக மாணவர்களைப் பற்றி வகுப்பு என்ன நினைக்கிறது என்று அவர் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்திருந்தார். விடைகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் தங்கச்சிதானே!

தாள்களில் பெயர் இல்லை. ஆனால் அவள் நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றி, எல்லோருடைய கிறுக்கலையும் சுமந்துகொண்டு திரும்புகிற நோட்டு. கையெழுத்து தெரியாதா? 'அவர்களுடன் சேர்ந்து ஆய்வு செய்யத் தயார்' என்ற வரிக்கு அநேகமாக எல்லோரும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று குறித்திருந்தார்கள். பை அண்ணன் கீழே, 'அது என் பாக்கியம்' என்று வேறு எழுதியிருந்தான். அட பாக்கியசாலி! அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தாளைப் பட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

ஒரு தாளில் மட்டும், 'உடன்படவில்லை. ஆள் யாரென்று தெரியாமல் எப்படிச் சொல்வது? வேலை செய்கிறவள் என்றால் சேர்வேன்' என்று இருந்தது. கடைசி பெஞ்சு வாயாடியின் கையெழுத்து. நோட்டு தர மூன்று நாள் தாமதமானதற்குத் தங்கச்சியோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள். அந்த வாய்க்குப் பயந்து அவளோடும் யாரும் ஜோடி சேரவில்லை.

எட்டிப் பார்த்த பேராசிரியைக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதை எடுத்துடும்மா. யாரோ மனசாட்சி இல்லாதது. நீ மனசுல வச்சுக்காதே."

எடுத்துவிட்டாள். முடிவு நூற்றுக்கு நூறு. பேராசிரியைக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றே முக்காலுக்குத் தங்கச்சி ஜோடிப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். ஜோடி சேரலாமா என்று கேட்டாள்.

"நீ மெதுவா நடப்பே. ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடியும்?" என்றாள் வாயாடி.

"பத்து. ஆனா நான் பேசினா உள்ள கூப்பிடுவாங்க. நீ பேசினா கதவைச் சாத்திடுவாங்க."

வாயாடி கொஞ்சம் யோசித்தாள். நியாயம்தான் என்று பட்டியலை இழுத்தாள். அதற்குள் பை அண்ணன் வந்து பையைத் தூக்கினான். கனமாக இருந்தால் அவளே கேட்பாள், கீழே வை என்று வாயாடி ஒரு அதட்டல் போட்டாள். வைத்துவிட்டான்.

"பேரைச் சொல்லு. தங்கச்சின்னா எழுத முடியும்?"

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த வகுப்பில் ஒருத்தி அதைக் கேட்டாள். தங்கச்சி தன் பெயரைச் சொன்னாள்.