இடி மழைக்குள் ஏறிய லினக்ஸ்

தர்மபுரத்துச் சுமித்திரா நெல் ஆலைக் கந்தோரில் கணக்கு எழுதுகிறவள். தன் பழைய கணினி ஒருமுறை படுத்துவிட, தட்டுத்தடுமாறித் தானே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றப் பழகினாள். இப்போது ஊர் ஊராக ஸ்கூட்டியில் போய், கணினியைப் புதிதாகத் தொடுகிறவர்களுக்கு அதை ஏற்றிக் கொடுத்து இணையத்திலும் இணைத்துவிட்டு வருகிறாள். "சும்மா தாற சாமானெண்டால் எங்கையோ பழுது இருக்கும்" என்று சனம் சொல்லும். ஒவ்வொரு வீட்டிலும், இன்றைக்குத்தான் எல்லாம் கவிழப் போகிறது என்று அவளுக்குப் பயம் பிடிக்கும்.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை கண்டாவளை நல்லதம்பி வீட்டில் பயப்படக் காரணமும் இருந்தது. மகள் யதுர்ஷிகாவுக்குப் பின்னேரம் மூன்று மணிக்குக் கொழும்பு நிறுவனமொன்றின் நேர்முகம், இணையத்தில். தட்டச்சுப் பரீட்சையும் உண்டு, போனில் ஏலாது. மாமா அனுப்பிய பழைய மடிக்கணினி முதல்நாள் நின்றுவிட்டது. அதன் பற்றரி எப்போதோ செத்தது. கரண்ட் வயர் கொழுவினால் மட்டும் உயிர்.

சுமித்திரா பென்ட்ரைவை எடுக்க, நல்லதம்பி கையைக் காட்டி மறித்தார்.

"இராகுகாலம் பிள்ளை. பன்ரண்டுக்குப் பிறகு துடங்குவம்."

"மத்தியானம் திரும்பினால் இடி மழை வரும் ஐயா."

"நல்ல காரியமெல்லோ. முதல் சாப்பிடுங்கோ."

பன்னிரண்டுக்குப் பிறகு தொடங்கினார்கள். பாதிகூட ஏறவில்லை, கடற்கரைப் பக்கம் இடி உறுமியது. குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற தாய் இலட்சுமி நேரே மெயின் சுவிட்சடிக்கு நடந்தார்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ! பாதியிலை நிக்குது!"

"பொறுத்துத்தான் பக்கத்துச் சங்கிலி வீட்டு டிவி வெடிச்சது. வயரைக் கழட்டு பிள்ளை, கை கருகப் போகுது."

நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நிறுத்தாமல் மின்னல் இறங்கினால், தொடங்குவதற்குக் கணினியே இராது. சுமித்திரா கணினியை விட்டுக் கையை எடுத்தாள்.

"மெயினை இறக்குங்கோ அம்மா."

திரை கறுத்தது.

"உங்கடை இராகுகாலம்!" என்று யதுர்ஷிகா தகப்பனிடம் கத்தினாள். "அக்கா வந்தவுடனை துடங்கியிருந்தால் இப்ப முடிஞ்சிருக்கும்."

நல்லதம்பி எழுந்து விறாந்தைக்குப் போனார். மழை அறைந்து பெய்தது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் ஆளையும் காணோம், சைக்கிளையும் காணோம். பன்றிக் காவலுக்கு வயல் கொட்டிலில் விளக்கெரிக்க அவர் வைத்திருந்த பெரிய பற்றரியும் இன்வேட்டரும் அப்போதுதான் மகளுக்கு நினைவு வந்தன.

"இந்த இடிக்குள்ளை வயல் வெட்டைக்குப் போயிட்டாரோ!" என்று இலட்சுமி தலையில் கைவைத்தார்.

சுமித்திராவுக்கு நேர்முகம் மறந்துபோயிற்று. ஒவ்வொரு மின்னலுக்கும் வாசல் படலையைப் பார்த்தாள். நான் இந்த வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது என்று நினைத்தாள்.

கடைசியில், கரியரில் யூரியாப் பையால் மூடிய சுமையோடு நல்லதம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"நான் வீட்டுக்குள்ளை மெயினை இறக்கிறன், நீங்கள் வெட்டைக்கை நிக்கிறியள். மூளை கீளை இருக்கோ உங்களுக்கு?" என்று இலட்சுமி பாய்ந்தார்.

"பிறகு திட்டு. பிள்ளை, இது கணினிக்குக் காணுமோ?"

"காணும் ஐயா" என்றாள் சுமித்திரா, போதுமோ என்று தெரியாமலே.

இந்த முறை ஒருவரும் நேரம் பார்க்கவில்லை. கணினியை இன்வேட்டரில் கொழுவ, லினக்ஸ் ஏறி முடிந்தது. "இடிக்கை போனைத் தொடாதை" என்று தாய் சொல்லச் சொல்ல, போனை வயரால் கணினியில் கொழுவி இணையத்தையும் எடுத்தாயிற்று. மூன்று மணிக்கு யதுர்ஷிகா அறைக்குள் போனாள். வயர் நுழைந்த இடுக்கு விட்டுக் கதவைச் சாத்தி, சுமித்திரா விறாந்தையில் இன்வேட்டரின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபடி குந்தினாள். அது சிவப்பாகிக் கீச்சிட்டது. பாய்ந்து துவாயால் அமத்தினாள்.

"என்னத்துக்குக் கத்துது?" என்றார் நல்லதம்பி.

"பசி ஐயா. சத்தம் போடாதேங்கோ."

கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லாமற் போயிற்று. கதவு திறந்தது.

"நிண்டிட்டுது அக்கா."

"பரீட்சை?"

"அனுப்பிட்டன். கடைசிக் கேள்விக்கு மறுமொழி சொல்லேக்கை நிண்டது."

"உடனை போனிலை எடு. கரண்ட் இல்லையெண்டு சொல்லு."

போனில் கதை தெளிவாகக் கேட்கும் இடம் முற்றம்தான். யதுர்ஷிகா தூறலில் நின்று பேச, தகப்பன் பின்னால் குடை பிடித்தார். சுமித்திரா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேலை கிடைச்சிட்டுது, வீட்டிலை இருந்தே செய்யலாம். ஒரு மாதம் பாத்திட்டு நிரந்தரமாக்குவினமாம்!" என்று யதுர்ஷிகா ஓடிவந்தாள்.

தாய் மகளைக் கட்டிக்கொண்டார். சுமித்திரா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மாரி மழை முழுக்க இன்னும் மிச்சம் கிடந்தது.

"அப்ப முதலிலை அந்தக் கணினிக்கு ஒரு பற்றரி வாங்குங்கோ ஐயா" என்றாள். "நாளைக்கே."