இரண்டாவது பூட்டு

வேளாண் அதிகாரி மாற்றலாகிப் போனது ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி பஸ்ஸில். அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். பிஸ்கட்டும் சோடாவும் வந்தன. இழுப்பறையில் இருந்ததையெல்லாம் அள்ளி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். பஸ் நகரத் தொடங்கிய பிறகுதான் அவருடைய பழைய கண்ணாடிக் கூடு மேசைமேல் கிடப்பதை என் சித்தி பார்த்தாள். எடுத்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது, முட்டிவலி, காலில் ரப்பர் செருப்பு.

"சார், கண்ணாடி! கண்ணாடிய விட்டுட்டீங்க!"

ஓட்டுநர் பிரேக் போட்டார். ஜன்னல் வழியே கூட்டை வாங்கிக்கொண்ட அதிகாரி, "நீங்க இல்லன்னா இந்த ஆபீஸ் என்ன ஆகுமோ" என்றார். அந்த வார்த்தையை இரண்டு நாள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள் சித்தி.

அவள் அரசாங்க விதைக் கிடங்கின் காப்பாளர். விதைப்புக்கு முன்னால் சிறு விவசாயிகளுக்கு மானிய விதை அங்கிருந்துதான் போகும். தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு தராசு, ஓடினால் உரக்கப் புலம்பும் ஒரு மின்விசிறி. பதினேழு வருடமாக அதுதான் அவள் உலகம். கிடங்கின் கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி சித்தியின் இடுப்பில். மற்றதன் சாவி, பச்சை நாடா கட்டியது, அதிகாரியின் அறையில் ஓர் ஆணியில். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒருவர் தனியாகத் திருடிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி.

"ரெண்டு பேரும் சேர்ந்து திருடலாமே சித்தி?" என்று கேட்டேன்.

"அதுக்கு ரெண்டு பேரும் ஒரே நாள் ஆபீசுக்கு வரணுமே" என்றாள்.

வீட்டிலும் வாசல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவாள். குளிக்கப் போகும்போதும் சாவி கூடவே போகும். எல்லோருக்கும் அவள் சாவியம்மா. நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த வாரம்தான் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். இரண்டு வாரம் தங்கிவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். மத்தியானச் சாப்பாட்டைக் கிடங்குக்குக் கொண்டுபோவது என் வேலையாயிற்று. அதனால் நடந்தவற்றில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியைச் சித்தியே சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை மக்காச்சோள விதை கொடுக்க வேண்டும். பட்டியலில் நூற்றுப் பதினாறு பேர். நாற்பத்திரண்டாவது பெயர் என் சித்தப்பாவுடையது. அவருக்கு ஒன்றரை ஏக்கர். எட்டு மணிக்கே வரிசை நின்றுவிட்டது. சித்தி தன் பூட்டைத் திறந்தாள். பச்சை நாடா சாவியை எடுக்க அதிகாரியின் அறைக்குப் போனாள். ஆணி மட்டும் இருந்தது.

அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"ஆணியில இருக்கும் பாருங்கம்மா."

"ஆணிதான் சார் இருக்கு."

"அப்ப இழுப்பறை."

"இழுப்பறையையே கவுத்துப் பாத்தாச்சு சார். உங்க பையில ஒரு தடவ..."

"பையக் கொட்டிப் பாத்துட்டுத்தான் பேசறேன். இல்ல. நான் எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டுத்தானே வந்தேன்? தாள்ல உங்க கையெழுத்து இருக்குமே."

இருந்தது. ஒப்படைப்புத் தாளில் பன்னிரண்டு வரிகள். ஏழாவது வரி, கிடங்கின் இரண்டாவது சாவி காப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டதாகச் சொன்னது. விடைபெறும் நாளில் அந்தத் தாளை அங்கே யாரும் படிப்பதில்லை. படித்தால், கிளம்புகிறவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். ஒரு கையில் சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு மறுகையால் சித்தி கையெழுத்துப் போட்டிருந்தாள். தாளின்படி சாவி அவளிடம் இருக்கிறது. இல்லையென்றால், தொலைத்தவள் அவள்தான்.

மறுநாள் பக்கத்து வட்டார அலுவலகத்துக்குப் போனோம். புது ஆள் வரும்வரை அங்கிருந்த அதிகாரிதான் இதற்கும் பொறுப்பு. ஏற்கெனவே இரண்டு அலுவலகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்ட உடைக்க உத்தரவு குடுங்க சார்" என்றாள் சித்தி.

"சாவி உங்ககிட்ட இருக்குன்னு தாள் சொல்லுது. இருக்கற சாவிக்கு எப்படிம்மா பூட்ட உடைக்கச் சொல்றது?"

"என்கிட்ட இல்ல சார்."

"அப்ப தொலைச்சிட்டேன்னு எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன். பதில் வந்ததும் உடைச்சுக்கலாம்."

"தொலைக்காததை எப்படி சார் தொலைச்சேன்னு எழுத? காணலன்னு எழுதறேன். பதில் எப்ப வரும்?"

அவர் சுவரோரம் அடுக்கியிருந்த கோப்புகளைக் காட்டினார். "அதெல்லாம் போன வருஷம் மேல அனுப்புனது. வந்துட்டே இருக்கு."

உள்ளே நூற்றுப் பதினாறு மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். அந்த மாதம் முப்பதாம் தேதிவரைதான் அது விதை என்று அட்டை சொல்லும். அதற்குப் பிறகு கொடுக்க முடியாது. மருந்து கலந்து சிவப்பாக்கிய தானியம், மனிதரும் தின்ன முடியாது, மாடும் தின்ன முடியாது. குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

விவசாயிகள் தினமும் வந்து கிடங்குச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்துவிடுமோ என்ற பயம். சித்தியும் எழுந்து போக முடியாது. ஒரு பூட்டு திறந்து கிடக்கிற மாதிரியே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. மேசையை இழுத்துக் கதவுக்கு எதிரே போட்டுக்கொண்டு ஒன்பதிலிருந்து ஐந்துவரை அந்தப் பூட்டையே பார்த்தபடி இருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கிளறி, மூடித் தருவாள்.

வரிசையில் முதல் ஆள் எப்போதும் 'ரேடியோ' என்று எல்லோரும் கூப்பிடும் விவசாயிதான். மழைச் செய்தி, சந்தை விலை, யார் வீட்டில் சண்டை, எல்லாம் அவரிடம் கிடைக்கும்.

"சாவியம்மா, இனிமே உங்க பேர மாத்திடலாம்" என்றார்.

"என்னன்னு?"

"பூட்டம்மா."

சிரிப்பு எழுந்தது. சித்தியும் சிரித்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "அவங்க வீட்டு மூட்டை முன்னாடியே போயிருக்கும்ப்பா. அவங்க வீட்டுக்காரரு நெலம் உழுது தயாரா கெடக்குல்ல" என்றது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சித்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

விதையோடு சோதனைக்கென்று வந்த சின்னப் பொட்டலம் ஒன்று அவள் மேசையில் இருந்தது. நூறு விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, மேசைக்கு அடியில் வைத்தாள். ஒவ்வொரு பருவமும் செய்வதுதான். இந்தத் தடவை ஒரு நாளில் நாலு தடவை பிரித்துப் பார்த்தாள்.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் மழை பெய்தது. தகரக் கூரைமேல் கல் கொட்டுகிற சத்தம். சுவரோரம் இருந்தவர்கள் எழுந்து நனைந்தபடி நின்றார்கள். ஈரம் நாலைந்து நாள்தான் நிற்கும். அதற்குள் விதை மண்ணுக்குள் போக வேண்டும்.

இருபத்தேழாம் தேதி சாக்கைப் பிரித்து எண்ணினாள். தொண்ணூற்றொன்று முளைத்திருந்தன. நான் டப்பாவோடு போனபோது அந்த வெள்ளை முனைகளைக் காட்டினாள்.

"உள்ள எல்லாம் உசுரோட இருக்குடி."

மறுநாள் காலை பூட்டு ரிப்பேர்க்காரரை வரவழைத்தாள்.

"எழுத்து ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல."

"கவர்மெண்ட் கதவு. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு, ஆள விடுங்க." போய்விட்டார். ஒரு திருப்புளியைத் திண்டில் மறந்துவிட்டுப் போனார். வேண்டுமென்றே மறந்தாரா என்று இதுவரை அவரை யாரும் கேட்கவில்லை.

சித்தி அதை எடுத்தாள். இரண்டாவது பூட்டு தொங்கிய கொண்டியை நாலு திருகாணிகள் கதவோடு பிடித்திருந்தன. மூன்று சுலபமாக வந்தன. நாலாவது துருவேறியிருந்தது, அதற்கு மட்டும் அரை மணி நேரம். கொண்டி பூட்டோடு சேர்ந்து கையில் வந்தது. தன் சாவியால் தன் பூட்டையும் திறந்தாள். பதிவேட்டில் தேதி போட்டு எழுதினாள்: பூட்டு உடைக்கப்படவில்லை, கொண்டி மட்டும் கழற்றப்பட்டது, கழற்றியது நான்.

பெயர் சொல்லி, கையெழுத்து வாங்கி, மூட்டை கொடுத்தாள். நாற்பத்தொன்று முடிந்தது.

"அடுத்தவர்."

"நான்தான் அடுத்தவன்" என்றார் சித்தப்பா.

"உங்களுக்கு இல்ல. தள்ளி நில்லுங்க."

"பட்டியல்ல பேர் இருக்கே."

"இருக்கட்டும். உங்களுக்காகத்தான் கதவக் கழட்டினேன்னு நாளைக்கு ஒருத்தனும் சொல்லக் கூடாது."

சித்தப்பா ரேடியோவிடம் திரும்பி, "கட்டுனவனுக்குக் கெடைக்கற மானியம் இவ்வளவுதான்" என்றார். போகவும் இல்லை. மாலைவரை நின்று மற்றவர்களின் மூட்டைகளைத் தலைக்குத் தூக்கிவிட்டார்.

ஐந்து மணிக்கு, ஒரே ஒரு மூட்டையை உள்ளே வைத்து, கொண்டியைத் திரும்ப முடுக்கி, தன் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

பத்தாம் நாள் தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. விசாரணை முடியும்வரை ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. தினமும் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இடுப்புச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சித்தி பத்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்தேகாலுக்கு வீடு திரும்பி, அடுத்த நாள் பத்து மணிக்காகக் காத்திருந்தாள். வாசலிலிருந்து அடுப்படிவரை பதினோரு எட்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கை இடுப்பைத் தடவும், ஒன்றுமில்லாமல் திரும்பும்.

விசாரணையில் இரண்டே கேள்விகள். யார் உத்தரவில் கதவைத் திறந்தீர்கள்? ஒரு மூட்டையை ஏன் தேதி முடியவிட்டு வீணாக்கினீர்கள்? முதல் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது அவளைச் சாய்த்துவிட்டது. நேர்மைக்காக வைத்த மூட்டை, குற்றப் பட்டியலில் இரண்டாவது வரியாக இருந்தது.

விதை ஒழுங்காகக் கிடைத்தது என்று விவசாயிகள் எழுதித் தரலாம் என்றார்கள். ரேடியோ வந்தார். "சாவியம்மா, உங்களுக்காக எத வேணாலும் சொல்வேன். ஆனா அடுத்த பருவப் பட்டியல் வந்துரட்டும். பேர அடிச்சிட்டாங்கன்னா என்ன பண்றது?" அவர் முகத்தைப் பார்த்தால் கோபிக்க முடியவில்லை. எழுதித் தந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் சித்தப்பா. கணவர் சாட்சி செல்லாது என்று திருப்பிவிட்டார்கள்.

மற்றவர்களின் சோளம் ஆள் உயரத்துக்கு எழுந்தது. சித்தப்பா அக்கம்பக்கத்தில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கித் தாமதமாக விதைத்தது இடுப்புவரைதான் வந்தது. "அதுங்க நிமிந்து நிக்குது. நம்மளது நேர்மையா நிக்குது" என்பார். சித்தி அப்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் இரண்டு முறை பையைக் கட்டினேன். "போயிட்டு வா. நான் எங்க போகப்போறேன்?" என்பாள். இரண்டு முறையும் அவிழ்த்தேன்.

பணிநீக்க ஆணை வந்த பத்தாவது மாதம் பொறுப்பு அதிகாரி வீட்டுக்கே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சாவியத் தொலைச்சது நான்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. பதவி ஒரு படி இறங்கும். தூரமா ஒரு எடத்துக்குப் போடுவாங்க. ஆனா முடிஞ்சிரும். இல்லன்னா ரிட்டயர் ஆகறவரைக்கும் இந்தப் பத்து மணிக் கையெழுத்துத்தான்."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். "ஒத்த வரிதானே, எழுதிரு. இப்படிச் சாவாத" என்றார் அவர்.

எழுதினாள். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள், தன் கவனக்குறைவால் சாவி தொலைந்தது என்று தெளிவான கையெழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள். மூன்றாம் வாரமே ஆணை வந்தது. ஆறு மணி நேரப் பயணத்தில் ஓர் அலுவலகம், தபால் பிரிக்கும் வேலை. பூட்டோ சாவியோ அங்கே கிடையாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் மணி அடித்து ஓய்ந்தது. மாற்றலாகிப் போன அதிகாரியிடமிருந்து ஒரு செய்தி. அவள் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா? நேத்து என் கண்ணாடி உடைஞ்சு போச்சு. பழசாவது போடலாம்னு, அன்னிக்கு நீங்க ஓடி வந்து ஜன்னல்ல குடுத்தீங்களே, அந்தக் கூட்டை இப்பதான் திறந்தேன். துணிக்கு அடியில ஒரு சாவி இருக்கு. பச்சை நாடா கட்டியிருக்கு. கடைசி நாள் அவசரத்துல நான்தான் போட்டிருக்கேன் போல. உங்களுக்கு இப்ப இது தேவைப்படுமா? தேவைன்னா சொல்லுங்க, தபால்ல அனுப்பறேன்."