காலியாக வந்த தண்ணீர் பாட்டில்

எங்கள் தெருவில் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: சூடு. கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சிறுநீர் போகும்போது "எரியுதும்மா" என்று அழுததும் சூடுதான் என்று முடிவாகிவிட்டது.

சேலையூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிக்குக் கீழே வீட்டுக்காரம்மா குடியிருக்கிறார். இந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்த நாளிலிருந்தே இங்கே இருக்கிற குடும்பம். "நீர்க்கடுப்பும்மா. வெயிலு இன்னா காயுது பாரு. கால் கட்டைவெரல்ல சுண்ணாம்பு வை, நின்னுடும்" என்றவர், தானே குழைத்துக் கொண்டுவந்து வைத்தும் விட்டார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தது என் கணவரின் பங்கு. எரிச்சல் தானாக அடங்கியது, பேர் சுண்ணாம்புக்குப் போனது.

அடுத்த மாதம் மறுபடி எரிச்சல், கூடவே காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் வைரல் என்று சிரப் எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்று படித்த அவர்களுக்கும் தோன்றவில்லை, படித்த எங்களுக்கும் தோன்றவில்லை. காய்ச்சல் போனது. வீட்டுக்காரம்மா இந்த முறை இரண்டு கட்டைவிரலிலும் வைத்தார்.

மூன்றாவது முறை குழந்தைக்குப் பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது. ஆட்டோ பிடித்து பல்லாவரம் பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா கட்டைவிரலில் காய்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தார், ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"யூரின்ல கிருமி. கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. இப்படித் திரும்பத் திரும்ப வந்தா கிட்னியில தழும்பு விழும்மா. விழுந்தா மாறாது. தண்ணி குடிக்கிறாளா? ஸ்கூல்ல அடக்கி வெச்சுக்கிறாளா?"

"நல்லா குடிக்கிறா டாக்டர். தினமும் பாட்டில் காலியாத்தான் வருது" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. தண்ணீர் மிச்சமிருந்தால் வீடே அதிரக் கத்துகிறவள் நான்.

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "செடிக்கு ஊத்திடுவேம்மா."

மெதுவாகக் கேட்டதில் எல்லாம் வந்தது. பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. அவளும் பக்கத்தில் உட்காரும் தோழியும் ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்வார்களாம். ஒருநாள் பெரிய வகுப்புப் பெண்கள் கதவைத் தள்ளித் திறந்து சிரித்திருக்கிறார்கள். அன்றோடு இரண்டு பேரும் போவதை நிறுத்திவிட்டார்கள். வகுப்பு நடக்கும்போது கேட்டால், "இப்பதானே பிரேக் முடிஞ்சுது, உக்காரு." தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்? ஆறு வயதுக் குழந்தை தனியாக யோசித்துக் கண்டுபிடித்த வழி.

பள்ளிக்கூடத்தில் போய்க் கத்தினேன். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் குரோட்டன்ஸ் கொழுகொழுவென்று நின்றது. பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. தலைமையாசிரியை, "உங்க பொண்ணு எப்ப வேணும்னாலும் போகலாம் மேடம். டீச்சர்ஸ் பாத்ரூமையே யூஸ் பண்ணட்டும்" என்றார். ஜெயித்த தெம்போடு வீடு வந்தேன்.

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடது கிட்னியில் தழும்பு தெரிந்தது. ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இப்போது என் கணவர் மணி பார்த்து டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுக்கிறார். "அப்பா முட்டியில இருக்கிற மாதிரி தழும்பாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த வாரம் அவளை அழைத்துவரப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். அந்தத் தோழியும் கூடவே வந்தாள்.

"ஆன்ட்டி, இவ மட்டும் மிஸ்ஸுங்க பாத்ரூமுக்குப் போறா. நான் கேட்டா, உனக்கென்ன, காய்ச்சலா வந்துச்சுன்னு கேக்குறாங்க."

அந்தத் தோழியின் தோளில் தொங்கிய பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது.