நெஞ்சு உயர ஸ்டாண்டு

டும்மக்கா என்ற பெயரை வைத்தவர் டிரம்ஸ்காரர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒத்திகைக்கு முதல் நாள் வந்தவள் பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தடித்த தந்தியை ஒரு தட்டுத் தட்டினாள். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. "யம்மாடி, டும்முன்னு நேரா வயித்துக்குள்ள இறங்குது" என்றார் அவர். அதோடு சொந்தப் பெயர் போயிற்று. பாட்டுக்குழுவில் பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவள் டும்மக்காதான்.

பகலில் அவளுக்கு வேறு வேலை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பாள். எப்பேர்ப்பட்ட கோணல் ஃபிரேமைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதில் லென்ஸை உட்காரவைத்து விடுவாள். அரை மில்லிமீட்டர் கூடினால் விளிம்பு விரியும், குறைந்தால் கழன்று விழும். கடைக்காரருக்கு அவள் கைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. அந்தக் கைதான் மாலையில் தந்திமேல் நடக்கும்.

குழுவை நடத்துகிறவர் அவளுடைய தங்கை வீட்டுக்காரர். ஒரு காலத்தில் அதே குழுவில் பாட வந்தவர்தான். ஆள் நல்ல மாதிரி, குரலும் நல்ல மாதிரி என்று தங்கைக்குப் பார்த்துப் பேசி முடித்ததே டும்மக்காதான். வலை போட்டுத் தேடிப் பிடித்த மாப்பிள்ளை. பழைய தலைவர் ஒதுங்கிக்கொண்டதும் குழு அவர் கைக்கு வந்தது. மேடையில் விளக்கு கூடியது, புகை வந்தது, எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டார்கள். டும்மக்கா மட்டும் எப்போதும் போல இடதுபக்கம், டிரம்ஸுக்கு அருகே, பாதி இருட்டில் நின்று வாசித்தாள். அது அவளுக்குப் பிடித்த இடம்.

ஒருநாள் ஒத்திகை அறைக்குப் போனால் அவளுடைய பழைய பழுப்பு நிறக் கிடாரைக் காணோம். அதே மூலையில் சுவரில் சாய்ந்தபடி வெள்ளையாக ஒன்று பளபளத்தது.

"பழசைக் கடையில குடுத்து மாத்திட்டேன்க்கா" என்றார் மாப்பிள்ளை. "எவ்வளவு நாளைக்கு அதையே கட்டி அழுறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி."

"கேட்டா வேணாம்பீங்க."

சொந்தக் கிடாரைப் பொது அறையில் வைத்துவிட்டுப் போனது தன் தப்பு என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு அது பழக்கம். யார் தப்பு செய்தாலும் அதில் தன் பங்கு என்ன என்று முதலில் தேடுவாள்.

புதுக் கிடார் மின்னல் வெட்டை அப்படியே பலகையில் அறுத்தது போல இருந்தது. கழுத்துக்கு மேலே தலை கிடையாது. தந்தியை முறுக்கும் ஆணிகளெல்லாம் அடிப்பக்கம். கீழே உடம்பு இரண்டு கொம்பாகப் பிரிந்து, ஒன்று நீளம், மற்றது குட்டை. மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு எடுத்து வந்த அன்று அவள் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நாளெல்லாம் பிள்ளைகளோடு பேசிப் பேசி வாய் சும்மா இருக்காது.

"தலையும் இல்ல, இடுப்பும் இல்ல. இதை எதைப் பிடிச்சுத் தூக்குறது? இறக்கி வச்சா எப்படி உக்காரும்?"

"அதான் எனக்கும் தெரியல" என்றாள்.

ஆனால் வாசித்துப் பார்த்தபோது சத்தம் நன்றாக இருந்தது. நன்றாக என்றால், பழசைவிட நன்றாக. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. விரல் புது அகலத்துக்குப் பழகியது. மூன்றாம் வாரம், சமையல் பாதியில் கிடக்க, கட்டிலில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தாள். சட்டி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை போன் செய்தார். "அக்கா, அடுத்த மாசம் பெரிய கம்பெனி ஒண்ணோட ஆண்டு விழா. அதுக்குள்ள இந்த கிடாருக்குப் பொருத்தமா ஒரு ஸ்டாண்டு பார்த்துடுங்க. உங்களைவிட்டா இந்த அளவெல்லாம் யாருக்குப் பிடிபடும்? பாட்டெல்லாம் உங்களுக்கு அத்துப்படிதானே, அதுவரை ஒத்திகைக்கு அலைய வேணாம்."

"பார்த்துடுறேன்."

"நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும். அசையாம நிமிர்ந்து நிக்கணும்."

"அவ்வளவு உயரம் எதுக்கு? கீழ வச்சா போதுமே, குனிஞ்சு எடுத்துக்கிறேன்."

"கேமராவுல தெரியணும்லக்கா."

உங்களைவிட்டா யாருக்கு என்ற சொல் அவளை இரண்டு வாரம் ஓட வைத்தது. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தைச் சேர்த்து விடுப்பு வாங்கிக்கொண்டு, கிடார் உறையை முதுகில் மாட்டிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினாள். முதல் கடையில் காட்டியது கழுத்தைக் கவ்வித் தொங்கவிடும் ஸ்டாண்டு. தலை இருந்தால்தானே கவ்வில் தங்கும்? கிடார் அப்படியே நழுவிக் கீழே வந்தது. அடுத்த கடையில், மடக்கி விரிக்கிற ஸ்டாண்டு. குட்டைக் கொம்பு அதில் உட்கார்ந்தது, நீளக் கொம்பு அந்தரத்தில் ஆடியது. விழப்போன கிடாரை விற்பனையாள் பாய்ந்து பிடித்தார்.

"மேடம், ஸ்டாண்டை மாத்துறதைவிட கிடாரை மாத்துறது சுலபம்" என்றார் மூச்சு வாங்கியபடி.

மூன்றாவது கடைக்காரர் உறையைத் திறந்து பார்த்துவிட்டு, பேசாமல் திரும்ப மூடிக் கொடுத்தார்.

கடைசியில் அவளுக்கு வழி சொன்னது கணவர். ஆஸ்பத்திரிக்குச் சலைன் ஸ்டாண்டும் கட்டில் கம்பியும் செய்கிற வெல்டர் ஒருவர் அவருக்குப் பழக்கம். "கோணலா படுத்திருக்கிற நோயாளிக்கே கம்பி வளைச்சுக் குடுக்கிறவரு. இதுவும் நோயாளிதானே" என்றார்.

டும்மக்கா தன் தொழிலைக் காட்டினாள். கிடாரை அட்டைமேல் படுக்கவைத்து விளிம்பு சுற்றிக் கோடிழுத்தாள். லென்ஸ் அளக்கிற அளவுகோலால் இரண்டு கொம்புக்கும் தனித்தனியாகக் குறித்தாள். எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரல்நுனியில் நிறுத்திப் பார்த்துப் புள்ளி வைத்தாள். அட்டையைப் பார்த்த வெல்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இஞ்சினியருங்ககூட இப்படி வரைஞ்சு குடுக்க மாட்டாங்கம்மா."

முதல் தடவை கவ்வு குறுகிவிட்டது. இரண்டாம் தடவை சரியாக இருந்தது, ஆனால் இரும்பு பட்டு வெள்ளைப் பூச்சில் கீறல் விழும் போலிருந்தது. கண்ணாடிக் காம்பு காதை உறுத்தாமலிருக்க மாட்டுகிற சிலிக்கான் உறையைக் கடையிலிருந்து கொண்டுவந்து, தானே நறுக்கிக் கவ்வுக்குள் ஒட்டினாள். மூன்றாம் தடவை கிடார் ஏறி நின்றது. வெல்டர் தரையை ஓங்கி உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் வெல்டர். "பின்னால ஒரு கொக்கி, கீழ ரெண்டு கவ்வு. நிக்கிறதுக்குச் சரி. ஆனா பாட்டுக்குப் பாட்டு எடுத்து மாட்டிக்கிறதுன்னா, ஒவ்வொரு தடவையும் கழட்டவே நேரம் போயிடுமே?"

"பழகிக்குவேன்" என்றாள் டும்மக்கா. அப்போதாவது யோசித்திருக்கலாம். கிடார் நின்ற அழகைப் பார்த்த சந்தோஷத்தில் யோசனை எங்கே வரும்?

கிடாரும் ஸ்டாண்டும் முதல் நாளே குழு வண்டியில் போயிருந்தன. விழா அன்று மதியமே அவள் அரங்கத்துக்குப் போய்விட்டாள். மேடையில் ஒவ்வொருவரும் நிற்கும் இடத்துக்குத் தரையில் வெள்ளை நாடா ஒட்டியிருந்தார்கள். ஸ்டாண்டை நட்டநடுவில், பாடகர்களுக்குப் பின்னால் ஒரு பலகைமேல் ஏற்றி, கீழிருந்து நீல விளக்கு அடித்திருந்தார்கள். கிடார் தேவலோகத்திலிருந்து இறங்கியது போல நின்றது. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தன் நாடாவைத் தேடினாள். டிரம்ஸுக்கு அருகே அவளுடைய வழக்கமான இடத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது.

"கிடாருக்கு வயர் எங்கப்பா?" என்று கீபோர்டுகாரரைக் கேட்டாள்.

அவர் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு ஸ்க்ரூவைத் திருகினார்.

"மாப்பிள்ளை உங்ககிட்ட சொல்லலியாக்கா?" என்றார் கீபோர்டுகாரர் கடைசியில். "பேஸ் எல்லாம் முன்னாடியே பதிவு பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. அதுலேர்ந்துதான் வரப்போகுது."

மாப்பிள்ளை பக்கவாட்டுப் படியில் ஏறி வந்தார். கையில் நிகழ்ச்சித் தாள். "அக்கா, வாங்க வாங்க. உங்களுக்கு முதல் வரிசையில நாற்காலி போட்டிருக்கேன். தங்கச்சி பக்கத்துலயே."

"நான் வாசிக்கலியா?"

"இனிமே ரெஸ்ட் எடுங்கக்கா. எத்தனை வருஷம் நின்னுக்கிட்டே வாசிப்பீங்க? கிடார் மேடையில இருக்கட்டும், பார்க்க நல்லா இருக்கு."

அவள் ஸ்டாண்டைப் பார்த்தாள். நெஞ்சு உயரம். யாரும் பிடிக்காமல் தானே நிற்பதற்கென்று அளவெடுத்துச் செய்தது. அளவெடுத்தது அவள்.

"இதுக்குத்தான்னு சொல்லிட்டுத் தேடச் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள். குரல் உயரவில்லை.

"சொன்னா தேடியிருப்பீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பேஸ் இல்லாவிட்டால் பாட்டுக்கு முதுகெலும்பு போய்விடும், கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று இருபத்திரண்டு வருஷமாக அவள் நம்பியிருந்தாள். எங்காவது ஓரிடத்தில் தாளம் பிசகும், பெட்டிக்குள்ளிருக்கும் பேஸ் ஒருபக்கமும் பாட்டு ஒருபக்கமும் போகும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, பதினாறு பாட்டு. ஒரு பிசிறு இல்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். இடைவேளையில் வரிசையில் நின்று கிடாரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "இந்த ஸ்டாண்டு எங்க வாங்கினீங்க, சூப்பரா இருக்கே" என்று யாரோ மாப்பிள்ளையைக் கேட்டார்கள். "நம்ம செஞ்சதுதான் சார்" என்றார் அவர்.

வேனில் கூட்டிப்போக வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். அன்று வீடு போய்ச் சேரும்வரை அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

மறுவாரம் தங்கை வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று டும்மக்கா கேட்டாள்.

"தெரியும்க்கா."

"எப்போலேர்ந்து?"

"புதுக் கிடார் வாங்கினப்பவே. உனக்கு வயசாயிடுச்சு, மேடையில எடுபடலன்னு உன் முகத்துக்கு நேரா யார் சொல்றது? அவருக்கும் வருத்தம்தான்."

"அந்தக் கிடாரை நான் ஒரு மாசம் வாசிச்சுப் பழகினேன்டி."

தங்கை எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது, வெளியில் கேட்டால் கைவலி என்று சொல்லச் சொன்னாள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். டும்மக்காவும் அப்படியே சொன்னாள். ஏமாந்தேன் என்று சொல்வதைவிடக் கைவலி என்று சொல்வது சுலபம். அக்கா தங்கைக்குள் போன் பேச்சு நிற்கவில்லை. அம்மாவின் மாத்திரை, டாக்டர் வரச்சொன்ன தேதி, அவ்வளவுதான்.

பழைய கிடாரைத் தேடி அந்தக் கடைக்கும் ஒருதரம் போனாள். அது எப்போதோ விற்றுப்போயிருந்தது. வாங்கியது யாரென்று அவர்களுக்கு ஞாபகமில்லை. வேறு கிடார் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டாள்.

ஏழெட்டு மாசம் கழித்து டிரம்ஸ்காரர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார். எழுத்து மங்குகிறதாம். அளவெடுக்க டும்மக்காதான் முன்னறைக்கு வந்தாள்.

"கோவமா இருக்கியா?" என்றார்.

"தலையை ஆட்டாதீங்க. அளவு தப்பும்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அடுத்தது நான்தான்னு பேசிக்கிறாங்க. டிரம்ஸும் கம்ப்யூட்டர்லேர்ந்தே வந்துடுமாம்" என்றார். "உன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவள் அவருடைய இரண்டு கண்ணுக்கும் நடுவே அளவுகோலை வைத்து, எண்ணைத் தாளில் குறித்தாள். பாவம் என்று தோன்றும் என எதிர்பார்த்தாள். தோன்றவில்லை. ஒரு காலத்தில் யாரோ தடுக்கி விழுந்தால்கூடத் தன்மேல் பழி போட்டுக்கொண்ட மனசு, இப்போது காய்ந்த பலகை மாதிரி கிடந்தது.

"வியாழக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்" என்றாள்.

லென்ஸைச் சுத்தமாகத்தான் தேய்த்தாள். அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. வியாழக்கிழமை அவர் வந்தபோது பின்னறையில் வேலை இருப்பதாகச் சொல்லி, கடைக்காரர் கையில் கொடுத்தனுப்பினாள்.