முதுகில் இல்லாத கூடை

தனியாக ஊர் சுற்றுகிற பெண்ணுக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, பாத்ரூமுக்குப் போகும்போது பையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்பது. இன்னொன்று அம்மா. முதலாவதற்கு இன்றுவரை எனக்கு வழி கிடைக்கவில்லை. இரண்டாவதற்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. நான் எந்த நாட்டில் இருந்தாலும், பதுளை நேரப்படி பின்னேரம் மூன்று மணிக்கு வீடியோ கோலில் வந்து, அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த பயணம் கிடையாது. எனக்கு நாற்பத்தொரு வயது. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். அதெல்லாம் அம்மாவிடம் எடுபடாது.

மூன்று மணிக்கு அம்மா தனியாக இருப்பதும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடுவார். யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பதுளைக் குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போடுகிறவர். இரண்டு பேரும் சேர்ந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்து என் தட்டுக்கு மார்க் போடுவார்கள்.

பினாங்கில் தெருவோரத் தள்ளுவண்டியில் தேங்காய்ப்பால் விட்டுச் சுட்ட அப்பத்தைக் காட்டியபோது, "அதத் திங்கவா பிளேன் ஏறிப் போன? பசறை பஸ் ஸ்டாண்டுல கெடைக்குமே" என்றார் அம்மா. உண்மைதான். ஆனால் பசறையில் அதற்குள் வாழைப்பழத்தையும் சோளத்தையும் வைத்து மடித்துத் தரமாட்டார்கள். நான் நான்கு சாப்பிட்டேன். பாங்கொக்கில் படகு ஓடுகிற வாய்க்கால் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையளவு கிண்ணங்களில் நூடில்ஸ் சாப்பிட்டேன். ஒரு கிண்ணம் இரண்டு வாய்க்குத்தான் காணும். அங்கே கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்குவதுதான் வழக்கம். என் கோபுரத்தைப் பார்த்து அக்கா, "பிள்ளை, வயித்தாலை போகப்போகுது" என்று கவலைப்பட்டார். போகவில்லை. தோட்டத்து வயிறு, கல்லையும் கரைக்கும்.

அக்காவுக்கு முன்னால் தோட்டத்து வயிறு என்று நான் சொல்லமாட்டேன். அதுதான் விஷயம்.

அம்மா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னைப் படிக்க வைத்தவர். எனக்கு வேலை கிடைத்துப் பதுளையில் வீடு எடுத்ததும், தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் காலி செய்துவிட்டு வந்தார். வந்த கையோடு அந்தப் பேச்சையும் பூட்டிவிட்டார். குடிவந்த கிழமை, அக்கா வேலியோரம் நின்று, "முந்தி என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டபோது, "சும்மா வீட்டுலதாங்க இருந்தேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் என்றால் ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற ஊர் இது. உண்மையைச் சொன்னால், அந்தப் பொய் எனக்கும் வசதியாக இருந்தது. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமிலும் அதையே சொல்லிக்கொண்டேன். எட்டு வருஷமாகத் தாயும் மகளுமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் தேயிலை மலை தெரிகிற ஜன்னல் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் அம்மா அலுமாரியை நிறுத்திவிட்டார். ஒருமுறை அப்புத்தளைக்குப் போயிருந்தபோது, அழகாக இருக்கிறதே என்று போனைத் தேயிலைப் பக்கம் திருப்பிக் காட்டினேன். அம்மா கட் பண்ணிவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து கோயில், கடல், குரங்கு, சந்தை என்று எதை வேண்டுமானாலும் காட்டுவேன். தேயிலையை மட்டும் காட்டமாட்டேன்.

போன ஆகஸ்ட் லீவுக்குத் தாய்லாந்தின் வடக்கே சியாங் ராய் நகரத்துக்குப் போனேன். முதல் நாள் வெள்ளைக் கோயில். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாதபடி அப்படியொரு வெள்ளை. கோயிலைப் பார்த்ததைவிட அதற்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். காவ் சோய் என்று ஒன்று கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் குழம்பில் நூடில்ஸ், அதற்கு மேலே பொரித்த நூடில்ஸ், பக்கத்தில் சின்ன வெங்காயமும் பிழிந்துவிடத் தேசிக்காயும். குழம்பு வாசம் மூக்கில் ஏறியதும், நம்முடைய கோழிக்கறி வெளிநாடு போய் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டது போல இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன். தனியாகப் போவதன் சுகமே அதுதான். குடிக்கிற சத்தத்துக்கு யாரும் முறைக்கமாட்டார்கள்.

நான் தங்கியிருந்த இடத்துக்காரப் பெண், மலைப்பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள் என்று சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை தலைமுறை தேயிலைக்குள்ளேயே கிடந்தோமே, ஒருத்தருக்காவது அதைப் பஜ்ஜி போடத் தோன்றியதா? மறுநாளே வேன் பிடித்துப் போய்விட்டேன். பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் கசப்போடு, மொறுமொறுவென்று. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

சாப்பாட்டோடு சேர்ந்தே அரை மணி நேரம் கொழுந்து பறிக்கிற வேடிக்கையும் உண்டாம். ஒரு தொப்பியும், இடுப்பில் கட்டிக்கொள்ளச் சின்னக் கூடையும் தந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஐம்பது வயது மதிக்கத்தக்க மலைநாட்டுப் பெண் ஒருவர் வந்தார். பாஷை கிடையாது, எல்லாம் கையும் கண்ணும்தான். என்னோடு ஒரு கொரியப் பையனும் பெண்ணும் நின்றார்கள். அந்தக் கொரியப் பெண்ணிடம் என் போனைக் கொடுத்து, ஒரு படம் எடுக்கச் சொன்னேன். காசு கொடுத்துக் கொழுந்து எடுக்கிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நானாகத்தான் இருப்பேன் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். அம்மாவுக்குச் சொல்லவேகூடாது என்றும் நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நான் ஓஎல் சோதனை எழுதி முடித்த அன்றைக்கே, "இனிமே நீ கொழுந்துல கை வைக்கக்கூடாது" என்று சொன்னவர் அவர்.

முதலில் மற்றவர்களைப் போல ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் போட்டேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கிள்ளின கையையும் அதில் சேர்க்க வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூட லீவுக்கு அம்மாவின் தேயிலை நிரையில் நின்று எடுத்த கை இது. எப்போது வேகம் பிடித்தது என்று எனக்கே தெரியாது. இரண்டு கையும் செடிமேல் ஓடின. கை நிறைந்தது. நிறைந்ததும், தோளுக்கு மேலால் அப்படியே பின்பக்கம் வீசினேன்.

முதுகில் கூடை இருந்தால்தானே?

அவ்வளவு கொழுந்தும் பின்னால் நின்ற கொரியப் பையனின் மூஞ்சியில் கொட்டியது. அவன் திகைத்துப்போய் நிற்க, அவனோடு வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சொல்லிக்கொடுக்க வந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், பிறகு தன்னுடைய முதுகைத் தட்டிக்காட்டித் தலையாட்டினார். நான் யார் என்பது அந்த மலையில் அவர் ஒருவருக்கு விளங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதுளையில் மூன்று மணி தாண்டிவிட்டதை நான் மறந்தேபோனேன். போனை இன்னும் கையில் வைத்திருந்த கொரியப் பெண் சிரிப்போடு சிரிப்பாக விரலை வைத்து அழைப்பை எடுத்துவிட்டாள்.

"யாரும்மா நீ? எம் மக எங்க?" என்று அம்மாவின் குரல் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கியதோ, போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

இரண்டு கையிலும் கொழுந்தோடு, கையும் களவுமாக நின்றேன். பின்னால் மலை முழுக்கத் தேயிலை. திரையில் அம்மாவின் முகம், பக்கத்தில் அக்காவின் முகம். இப்போது கட் பண்ணுவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அல்ல, இரண்டு மாதம் பேசாமல் இருந்தாலும் இருப்பார்.

"கூடை எங்க?" என்றார் அம்மா.

"இடுப்புல கட்டியிருக்காங்கம்மா."

"இடுப்புலயா? இடுப்புல கட்டுனா எப்புடி குனியிறது?" போனுக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "அந்தம்மா என்னா, முத்துன எலையையும் சேத்துக் கிள்ளுது? ரெண்டு எலையும் மொட்டும் போதுமே. கணக்கப்புள்ள பாத்தா ஏசமாட்டாரா?"

அங்கே அவர்கள் செய்கிற தேயிலைக்கு நான்கு இலை வரை கிள்ள வேண்டுமாம். அதை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார். "உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

அம்மா அவர் பக்கம் திரும்பினார். ஒரு பொய் சொல்லிச் சமாளிக்க நல்ல இடம் அது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"முப்பது வருசம் கொழுந்து எடுத்தவளுக்குத் தெரியாமப் போகுமாங்க?"

"எட்டு வருசமா எனக்குச் சொல்லேல்லையே."

"நீங்க ஒரு தரந்தானே கேட்டீங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மலைநாட்டுப் பெண் என் அருகில் வந்து, தன் வலது கையைப் போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். சுட்டுவிரலின் ஓரத்தில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. அம்மா தன் கையை அங்கிருந்து விரித்துக் காட்டினார். அதே விரல், அதே ஓரம். இரண்டு பேரும் அவரவர் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். கொரியப் பையன் தன் தொப்பியில் கிடந்த இலைகளைப் பொறுக்கி என் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். "கொட்டுனதையெல்லாம் பொறுக்கு, நிறுவையில கொறஞ்சுரும்" என்றார் அம்மா.

ஊருக்கு வரும்போது அந்தத் தோட்டத்துத் தேயிலையில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். சீனி போடாமல் சின்னக் கோப்பையில் மெதுவாகக் குடிக்க வேண்டிய தேயிலை. அம்மா இஞ்சி தட்டிப்போட்டுக் கேத்தலில் கொதிக்கவைத்து, மூன்று கரண்டி சீனி போட்டு, அக்காவுக்குப் பெரிய கப்பில் ஊற்றிக் கொடுத்தார். அலுமாரி இன்னும் ஜன்னலை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. நகர்த்த இரண்டு ஆள் வேண்டும் என்கிறார், அதை நம்புகிறேன்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "நீங்கள் எடுத்த கொழுந்தைத்தான் நாங்கள் அந்த நாளிலை யாழ்ப்பாணத்திலை குடிச்சிருப்பம்."

"உங்களுக்கு வந்தது வெறுந் தூளுங்கக்கா" என்றார் அம்மா. "நல்ல கொழுந்தெல்லாம் கப்பலேறி ஊரு ஊராப் போயிருச்சு. இப்பத்தான் எம் மக, அது போன எடமெல்லாம் போயி பாத்துட்டு வாறா."