வெட்டுப்பட்டவருக்கு எந்த இடம்

பீடத்தின் மேலிருந்த பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி அந்த மனிதனின் நெற்றியில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடித்தவர் என் அத்தை. அரவேணு ஊருக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட் கோயிலில், ஞாயிறு ஆராதனையின் நடுவில் அது நடந்தது.

அவன்தான் மாமாவைக் கொன்றவன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தின் பொதுக்குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று தொடங்கிய வாய்ச்சண்டை, தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் கத்தியில் முடிந்தது. கழுத்திலும் வயிற்றிலும் வெட்டு. அத்தை முந்தானையைச் சுருட்டிக் கழுத்து வெட்டுக்குள் திணித்து அழுத்திக்கொண்டிருந்தார். ஜீப் வருவதற்குள் சேலையின் நிறமே தெரியவில்லை. மாமாவின் கால் உதறலும் நின்றிருந்தது.

மாமா ஞானஸ்நானம் வாங்காதவர். அத்தையைக் கட்டிக்கொண்ட பிறகும் முனீஸ்வரனுக்குக் கற்பூரம் ஏற்றுவதை விடவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் அத்தையைக் கோயில்வரை அழைத்து வந்து, ஆராதனை முடியும்வரை வெளியே பனியில் பீடி குடித்தபடி நிற்பார்.

கொன்றவன் சிறையில் மனந்திரும்பினான். விடுதலையாகி வந்து எங்கள் கோயிலிலேயே சாட்சி சொன்னான். ஆண்டவர் தன் பாவத்தைக் கழுவிவிட்டதாக அழுதான். சிலர் அல்லேலூயா என்றார்கள். அத்தை எழுந்தார்.

“ஏனுங்கய்யா, இவன் செத்தா எங்க போவானுங்க?”

“மனந்திரும்பிட்டாருங்கம்மா. பரலோகந்தான்” என்றார் போதகர்.

“எம்பட ஊட்டுக்காரரு?”

போதகர் தலை குனிந்தார். “அவரு ஆண்டவர ஏத்துக்கலீங்களே…”

“அப்ப வெட்டினவனுக்கு மோட்சம், வெட்டுப்பட்டவருக்கு நரகமுங்களா?”

அத்தை பீடத்துக்குப் போய் மெழுகுவர்த்தித் தாங்கியை எடுத்தார். முதல் அடியில் அவன் மண்டியிட்டு விழுந்தான். இரண்டாவது அடியில் புருவம் பிளந்து வெள்ளைச் சட்டை நனைந்தது. தடுக்கப் போனவர்களை அவனே விலக்கினான். கண்ணுக்குள் இறங்கிய ரத்தத்தைத் துடைக்காமல் போதகரைப் பார்த்து, “என்ற எடத்த அவருக்குக் குடுத்துருங்கய்யா” என்றான்.

“அப்படிக் குடுக்க முடியாதுப்பா” என்றார் போதகர்.

அதைக் கேட்டதும் அத்தையின் கையிலிருந்து தாங்கி நழுவியது.

அவன் போலீசுக்குப் போகவில்லை. அத்தை அதன்பின் கோயிலுக்குப் போகவில்லை, வீட்டிலேயே ஜெபித்தார். அவனை மன்னித்துவிட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். “மன்னிக்கறது ஆண்டவரு பாடு. நான் மன்னிக்கல” என்றார். அவர் பொய் சொல்லிப் பரலோகம் போக நினைத்தவர் அல்ல என்பது அன்று எனக்குப் புரிந்தது.

போன மழைக்காலத்தில் அத்தை படுக்கையில் விழுந்தார். இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும் போதகர் வந்தார், அவரும் கிழவராகியிருந்தார். “இந்த மகளைப் பரலோகத்தில் சேர்த்தருளும்” என்று தொடங்கியவரின் மணிக்கட்டை அத்தை பற்றினார்.

“அப்படிக் கேக்காதீங்கய்யா. எம்பட ஊட்டுக்காரர எங்க வெச்சிருக்காரோ, அங்கயே என்னையும் வெக்கச் சொல்லுங்க.”

“அது நெருப்பா இருந்தா?”

“நெருப்பா இருந்தாலுந்தானுங்க.”

போதகர் கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் ஆமென் சொன்னேன்.